மண்ணே எரிந்த வெயில்காலம்

மழைக்காலத்தில் அந்த நிலத்தின்மேல் ஒருவன் குதித்தால், பத்தடி தள்ளி நிற்பவனின் உள்ளங்காலில் அது தெரியும். தரை முதலில் உள்வாங்கி, பிறகு மெல்ல எழும்பி, பஞ்சு மெத்தையில் படுத்திருப்பவன் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்ததைப்போல உடம்பை ஒருமுறை தூக்கிப் போடும். மிதித்த இடத்தில் தேயிலைச் சாயம்போலக் கறுப்பாக நீர் ஊறிக் குதிகாலைச் சுற்றி நிற்கும். காலை எடுத்ததும் மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். கிள்ளானுக்குத் தெற்கே, கடலுக்குப் போகும் வழியில் இருந்த அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் குடிபோனபோது எனக்குப் பதினோரு வயது. அந்த மண்ணை மலாய்க்காரர்கள் ‘காம்புட்’ என்றார்கள். எங்கள் லயத்துப் பெண்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், ‘மெத்தமண்ணு’ என்றார்கள். பின்னாளில் நான் படித்த புத்தகங்கள் கரிமண் என்றன. உண்மையில் அது மண்ணே அல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாகச் சதுப்பில் விழுந்த இலையும் கிளையும் வேரும், தண்ணீருக்குள் கிடந்ததால் முழுதாக மட்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கும் மேல் படிந்து கிடந்த குவியல் அது. தண்ணீர் இருக்கும்வரை அது நிலம். தண்ணீர் வடிந்துவிட்டால் அது விறகு.

அந்த மண்ணின் விந்தையைச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த மண்ணில் ஒரு பெண்ணின் கால் போயிற்று. அது என்னால் போயிற்று. பழி அவளுடைய கணவர்மேல் விழுந்தது. அவரும் அதைத் தம்முடைய பழி என்றே நம்பி, ஐம்பது ஆண்டு சுமந்து, அப்படியே செத்துப்போனார். எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியராக இருந்து, மண் வகைகளைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் நான். இந்த ஒரு மண்ணைப் பற்றிய பாடத்தை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் வேகமாக நடத்திக் கடந்துவிடுவேன்.

நாங்கள் முதலில் இருந்தது செலாயாங்குக்கு அப்பால் ஒரு மேட்டுத் தோட்டத்தில். அங்கே செம்மண். வெயிலில் செங்கல்லாக இறுகும், மழையில் வழுக்கும், ஆனால் அதன் குணம் எல்லாருக்கும் தெரிந்த குணம். அம்மா வெளியில் மூன்று கல் வைத்துக் குளிக்க வெந்நீர் காய்ச்சுவாள். வேலை முடிந்ததும், “மண்ணள்ளிப் போடுடா” என்பாள். நான் சாங்குலில் (மண்வெட்டியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இரண்டு வெட்டு மண் அள்ளித் தணலின்மேல் போடுவேன். தீ செத்துவிடும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து செய்த வேலை அது. தீயை மண் அணைக்கும் என்பது எனக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்த விஷயம். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பதைப்போல.

பிறகு அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வாங்கியவர்கள் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு லோரியில் அம்மியும் பாயும் அடுக்கிக்கொண்டு செந்தூலில் அப்பாவின் பங்காளி வீட்டுக்குப் போனோம். அவர்கள் வீட்டுச் சமையலறையில் ஆறு வாரம் படுத்தோம். அந்த வீட்டுக்காரி ஒவ்வொரு நாள் காலையிலும் எங்கள் தலைமாட்டில் பாத்திரங்களை உருட்டி எழுப்பியதும், அம்மா பாயைச் சுருட்டியதும் எனக்கு இன்றும் கேட்கின்றன. அப்பா கான் வெட்டுவதில் கெட்டிக்காரர். கான் என்றால் தோட்டத்து வடிகால். சதுப்பு நிலத்தில் கான் வெட்ட ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் அவரை எடுத்துக்கொண்டது. வீடு கிடைத்தது. அம்மா முதல் நாள் அந்த லயத்துக் கதவைச் சாத்தித் திறந்து, சாத்தித் திறந்து பார்த்தாள்.

எங்கள் துணிகளில் செம்மண் கறை போகவே இல்லை. அதனால் அடுத்த வீட்டு லெட்சுமி அக்கா எனக்கு ‘செம்மண்ணு’ என்றே பெயர் வைத்துவிட்டார். இருபத்து நான்கு வயதிருக்கும் அவருக்கு. பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். தோளில் கழியும் அதில் இரண்டு வாளியுமாக நடக்கும்போது வாளி ஆடாமல் இடுப்பு மட்டும் ஆடும். அதைக் கேலி செய்தால் பதிலுக்கு இரட்டிப்பாகக் கேலி வரும். அவருடைய கணவர் மாரியப்பன் அண்ணனும் அதே வெட்டுக்குப் போகிறவர். நீப்பா இலையில் புகையிலை சுருட்டிய ‘ரொக்கோ’ ஒன்று எப்போதும் அவர் உதட்டில் இருக்கும். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பையன், சரவணன். அவனைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு இருவரும் குறுக்குப் பாதையில் பால்மரக் காட்டுக்குப் போவார்கள். அந்தக் குறுக்குப் பாதை எங்கள் லயத்துக்குப் பின்னால், பெரிய கானை ஒட்டித் தொடங்கி, பாழடைந்த ஓர் அன்னாசித் தோட்டத்தின் நடுவே போயிற்று.

தைப்பூசம் முடிந்ததும் மழை நின்றது. கானில் நீர் ஒவ்வொரு நாளும் ஒரு விரல், இரண்டு விரலாக இறங்கியது. கானில் நீர் இறங்கினால் நிலத்துக்குள்ளும் நீர் இறங்குகிறது என்று அப்பா சொன்னார். பங்குனிக்குள் அந்த நிலம் வேறு நிலமாகிவிட்டது. மாசியிலேயே குதித்துப் பார்த்தேன், குலுங்கவில்லை. பிறகு அது சுருங்க ஆரம்பித்தது. லயத்துத் தூண்களை ஒட்டியிருந்த மண் தூணைவிட்டு விலகியது. வாசற்படி தரையைத் தொடாமல் தொங்கியது. அப்பா அடியில் ஒரு பலகை செருகினார். மழைக்காலத்தில் இரண்டு ஆள் சேர்ந்தும் தூக்க முடியாத ஒரு மூட்டை மண்ணை வெயிலில் நான் தலையில் வைத்துக்கொண்டு ஓடலாம் என்ற அளவுக்கு அது எடையிழந்தது. கையில் எடுத்து நசுக்கினால் வறுத்தரைத்த காப்பித்தூள். காற்றடித்தால் கறுப்பாக எழும்பிச் சோற்றில் விழும். எங்கு பார்த்தாலும் கை நுழையும் அளவு வெடிப்புகள். குனிந்து காதை வைத்தால் உள்ளே எதுவோ மெல்ல இற்று விழுவதுபோல் ஓர் ஓசை.

“செம்மண்ணு சொன்ன பேச்சு கேக்கும்” என்றார் அப்பா ஒருநாள் சாப்பிடும்போது. “இந்த மண்ணு ஈரமா இருக்கற வரைக்கும்தான் மனுசனுக்கு ஒறவு.”

அந்த வாரத்தில்தான் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில், தோட்டத் துரையின் உத்தரவைத் தண்டல் சொன்னார். தண்டல் என்பவர் எங்களை வேலை வாங்குகிறவர், குரல் பெரியது. “இன்னைலேர்ந்து மழை வர்ற வரைக்கும் காட்டுல எவன் நெருப்பு வக்கிறானோ, அவன் சட்டிபானை அன்னைக்கே ரோட்டுல. சின்னப் பசங்க வச்சாலும் அப்பந்தான் ஜவாப்பு. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது.” கூட்டத்தின் ஓரத்தில் பள்ளிக்குப் போகப் பையோடு நின்ற நானும் அதைக் கேட்டேன். புரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

ஒரு வாரத்துக்குள் செய்தேன். பள்ளி விட்டு வந்து, ஆட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில், கைவிடப்பட்ட அன்னாசிப் பாத்திகளுக்கு நடுவே யாரோ எப்போதோ நட்ட ‘ஊபி’, மரவள்ளிக் கிழங்கு, ஒரு செடி தனியாக நின்றது. பிடுங்கினேன். மண் பொலபொலவென்று உதிர்ந்து கிழங்கு கையோடு வந்தது. பசித்தது. அம்மாவின் அடுப்பிலிருந்து எடுத்த தீப்பெட்டி பையில் இருந்தது. தரையில் கையாலேயே குழி பறித்து, காய்ந்த அன்னாசி இலைகளைப் போட்டுக் கொளுத்தி, கிழங்கை அதில் புதைத்தேன். ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல் இருந்தது. பாதியைத் தின்றேன். தண்டலின் குரல் தூரத்தில் கேட்டது. என்னைத் தேடி அல்ல. யாரையோ திட்டிக்கொண்டு போனார். பயத்தில் மீதிக் கிழங்கைத் தணலிலேயே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு, மேலே ஏறி மிதித்தேன். புகை நின்றது. செலாயாங்கில் நூறு முறை செய்த அதே வேலை.

எரியும் தணலின்மேல் விறகை அள்ளிப் போட்டு மூடியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் அந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வெடிப்பு ஒன்றின் வாயிலிருந்து, ஊதுவத்திப் புகைபோல ஓர் இழை எழும்பிக்கொண்டிருந்தது. பால் டின் ஒன்றில் கானிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன். அப்போதுதான் முதன்முறையாக அந்த மண்ணைக் கண்டு பயந்தேன். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. சேம்பிலையில் விழுந்ததுபோல முத்து முத்தாகத் திரண்டு, மேலே கறுப்புத் தூளைப் பூசிக்கொண்டு, உருண்டு ஓடிப் பள்ளத்தில் போய்த் தேங்கியது. அது ஓடிய இடத்தை விரலால் கிளறினேன். அரை விரற்கடைக்குக் கீழே மண் பொடியாக, உலர்ந்து, சூடாக இருந்தது. ஒருமுறை அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் அந்த மண் தண்ணீரைத் தள்ளிவிடும், மீண்டும் ஈரமேறப் பல வாரம் ஆகும் என்று கல்லூரியில் ஆசிரியர் ஒருவர் சொன்னபோது, வகுப்பில் மற்றவர்கள் வியந்தார்கள். நான் என் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் பத்து டின் ஊற்றினேன். இன்னும் மண் போட்டேன். மிதித்தேன். மறுநாள் புகை வேறொரு வெடிப்பில். அதற்கடுத்த நாள் எங்கும் இல்லை. பிழைத்தேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பத்து முழம் தள்ளி, ஒன்றல்ல, மூன்று இழை. கண்ணுக்குத் தெரியாமல் தரைக்குக் கீழே ஏதோ ஓர் உயிர் அவசரமில்லாமல் மேய்ந்துகொண்டு போவது போலிருந்தது. மேலே புல் பச்சையாகவே நின்றது. பிறகு ஒரு காலையில் காற்றே இல்லாதபோது ஒரு பால்மரம் சாய்ந்தது. பார்க்கப் போனவர்கள் “கரையான் தின்னுருச்சு” என்றார்கள். நான் அதன் வேர்களைப் பார்த்தேன். கரிந்து, கூர்மையாகச் சீவிய பென்சில்கள்போல் இருந்தன. தண்டல் மூக்கை உறிஞ்சி, “பக்கத்துக் காட்டுல எவனோ எரிக்கிறான்” என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில்காலத்தில் சுற்றுவட்டாரம் முழுவதுமே அந்த வாடைதான். ஈரச் சாக்கை எரித்ததுபோல் தொண்டையில் ஒட்டும் வாடை. அதனால் யாரும் எங்கள் காலடியில் தேடவில்லை.

தீ பாதையை நோக்கித்தான் போகிறது என்பதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் அப்பாவிடம் சொல்லியிருந்தால், கான் வெட்டும் ஆட்கள் அரை நாளில் சுற்றிலும் பள்ளம் தோண்டித் தண்ணீர் மட்டம் வரை இறக்கி அதை நிறுத்தியிருப்பார்கள். சொன்னால் எங்கள் பாயும் அம்மியும் ரோட்டில். ஒவ்வொரு நாளும் அப்பா சாப்பிட உட்காரும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அம்மா கதவுக் கொண்டியைப் போடும் சத்தம் கேட்கும். மூடிக்கொள்வேன். நல்லவேளையாக, வெடிப்புகளில் கால் இடறுகிறது என்று லெட்சுமி அக்காவும் மாரியப்பன் அண்ணனும் அந்த மாதம் சுற்றுவழியாகவே வேலைக்குப் போனார்கள். எப்படியும் சித்திரை வந்துவிடும், மழை வந்துவிடும், மழை வந்தால் எல்லாம் அணைந்துவிடும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மழை வந்தது. மூன்று நாள் மாலையில் அடித்துப் பெய்தது. லயமே வாசலில் நின்று நனைந்தது. புகை நின்றுவிட்டது. நிலத்தின் மேல்தோல் ஈரமாகிக் கறுத்து, தடித்து, வெடிப்புகளின் வாய் மூடிக்கொண்டது. புண் ஆறியதைப்போல் இருந்தது. நான் பார்க்காதது, அன்று என்னால் பார்த்திருக்க முடியாதது, இதுதான்: அந்த மழை ஒரு சாண் கூட இறங்கவில்லை. கீழே தீ தின்று வெறுமையாக்கிய பொந்துகள் அப்படியே இருந்தன. அவற்றின் கூரையாக இருந்த மண் மட்டும் நீரைக் குடித்துப் பல மடங்கு கனத்துப்போனது.

ஆனால் எதையும் அறியாதவன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நான்காம் நாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் அந்தப் பாதையின் முகப்பில் வெறுங்காலோடு நின்றேன். விடிந்து, பனி விலகாத நேரம். சுற்றிலும் எல்லாம் சில்லென்றிருந்தது. என் உள்ளங்காலின் கீழ் மண் வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். அக்கா முன்னால், வாளிகளோடு. அண்ணன் பின்னால், ரொக்கோவோடு. மழை வந்து தரை ஒட்டிக்கொண்டதால் மறுபடி குறுக்குப் பாதை.

“அக்கா, அந்தப் பக்கம் போவாதீங்க” என்றேன்.

“ஏண்டா?”

நெருப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றெழுத்து, நான்கெழுத்து, எதுவானாலும் ஒரு சொல். நான் சொன்னது வேறு.

“பாம்பு இருக்கு.”

“எந்தப் பாம்பு? உன்ன மாதிரி செவப்பா இருந்துச்சா?”

“பெருசுக்கா. நெசமா.”

“பெருசா இருந்தா இருக்கட்டும். என்னப் பாத்தா அதுதாண்டா வீட்டக் காலி பண்ணிட்டுப் போவணும்.”

பின்னாலிருந்து அண்ணன் சிரித்தார். “அவன் மேட்டுக்காட்டுக்காரன் புள்ள. மண்புழுவப் பாத்திருப்பான். நீ நட.”

அவர்கள் நடந்தார்கள். நான் நின்றேன். பதினைந்து இருபது எட்டு போயிருப்பார்கள். சத்தமே வரவில்லை. அக்காவின் இடது கால் தொடை வரை தரைக்குள் போனது. ஒரு வாளி உருண்டது. அவர் முதலில் சிரித்தார். சேற்றில் விழுந்துவிட்டோம் என்று நினைத்த சிரிப்பு அது. அந்தச் சிரிப்பு முடியவில்லை; வேறொன்றாக மாறியது. அண்ணன் மண்டியிட்டு, இரண்டு கையையும் அந்தக் குழிக்குள் விட்டு அவரைத் தூக்கினார். குழிக்குள் வெள்ளைச் சாம்பலும் அதற்குக் கீழே காற்றுப் பட்டதும் சிவந்த தணலும் இருந்தன. அதற்குமேல் நான் விவரிக்க மாட்டேன். லோரி வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது.

அன்றைக்கே கான் வெட்டும் ஆட்கள் பாதையைத் தோண்டினார்கள். கானுக்குக் குறுக்கே மண்மூட்டை அடுக்கி, நீரை மேலேற வைத்து, பள்ளங்கள் வழியே உள்ளே திருப்பினார்கள். அப்படித்தான் அந்தத் தீயை அணைக்க முடியும், அடியிலிருந்து. பள்ளிக்குப் போகாமல் நான் அங்கேயே நின்றேன். அப்பா தீயின் தடத்தைப் பின்னோக்கித் தோண்டிக்கொண்டே போய், அது தொடங்கிய இடத்துக்கு வந்தார். குனிந்து எதையோ எடுத்தார். கரித்துண்டு போலிருந்தது. அதை உடைத்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை. பிறகு அந்தக் கிழங்குத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீண்டும் வெட்டத் தொடங்கினார்.

மாலையில் மாரியப்பன் அண்ணன் வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை எண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தது. தண்டல் எல்லாரையும் நிறுத்தி வைத்து, “யாருடா இங்க நெருப்பு வச்சது?” என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம்.  கூட்டத்தில் ஒருவர், “இந்தப் பாதையில ரொக்கோ புடிச்சிட்டுப் போறவரு ஒருத்தர்தானே” என்று முணுமுணுத்தார். அண்ணன் அதைக் கேட்டு, அதற்கு முன் தமக்குத் தோன்றவே தோன்றாத ஒன்றைக் கேட்டவரைப்போலத் திரும்பினார். துணி சுற்றிய தம் கைகளைப் பார்த்தார்.

“ஆமா” என்றார். “நாந்தான் தண்டல். சுத்துவழிக்கு மாறுற வரைக்கும் தெனம் இங்கதான் ரொக்கோ துண்டத் தூக்கிப் போட்டேன். நாந்தான் வச்சிருக்கேன். எங்கையாலயே வச்சிருக்கேன்.”

அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். அவர் கை சட்டைப் பைக்குள் இருந்தது. அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “இனிமே அந்தப் பக்கம் போவாத.” அதற்குப் பிறகு, அவர் சாகும்வரை, எங்களிருவருக்கும் நடுவில் அந்தப் பேச்சு வந்ததில்லை. அவர் எனக்காக மறைத்தாரா, கதவுக் கொண்டிக்காக மறைத்தாரா என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீடு தப்பியது. மாரியப்பன் அண்ணனின் சாமான்கள் ரோட்டுக்கு வந்தன. ஒரு காலில்லாத மனைவியையும் மூன்று வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு அவர் கிள்ளானுக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்.

நான் படித்தேன். எல்லாரும் மெச்சும்படி படித்தேன். வேலை கிடைத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறினேன். ஏறக்குறைய நாற்பது வயதில், தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போனபோது, சக்கர நாற்காலியில் அக்காவை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த அண்ணனைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டி, “எங்கையால வந்த வெனை, தம்பி” என்றார், வானிலையைச் சொல்வதுபோல. பக்கத்துக் கோயிலில் பூசை மணி அடித்தது. அக்கா கும்பிடப் போகவேண்டும் என்றார். கற்பூரத் தட்டு வந்தபோது அண்ணன் இரண்டடி பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் தீக்குச்சி உரசியதில்லை என்று அக்கா சொன்னார். அன்று என்னை யாரும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போவதில்லை, வேலை போகப் போவதில்லை, சொல்லியிருக்கலாம். தேத்தண்ணிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அவருடைய சாவுக்குப் போனேன். அதற்குள் சரவணன் பூச்சோங்கில் டயர் கடை வைத்துப் பெரிய ஆளாகியிருந்தான். தாயின் காலை எரித்தவர் அப்பாதான் என்று அவனுக்குச் சின்ன வயதிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். வாலிபத்தில் ஒரு சண்டையில் அதையே அப்பாவின் முகத்தில் எறிந்துவிட்டு வீட்டைவிட்டுப் போனவன், பிறகு அவரோடு பேசவே இல்லை. சாவு வீட்டில் அவன் பந்தலுக்கு வெளியே, விருந்தாளியைப்போல நின்றான். கொள்ளியை அக்காவின் தங்கை மகன் வைத்தான். அன்றும் நான் சொல்லவில்லை.

இந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பிறகு மழை நின்றபோது அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். லயம் இல்லை, பால்மரங்கள் இல்லை, கான் சிமெண்டு வாய்க்காலாகிவிட்டது. வரிசை வரிசையாக மாடி வீடுகள். வீடுகள் ஆழத்தில் இறக்கிய தூண்களின்மேல் அசையாமல் நிற்கின்றன. சுற்றியுள்ள தரை மட்டும் ஒவ்வொரு வெயில்காலத்திலும் சுருங்கி, மழையில் முழுதாக மீளாமல், ஆண்டுக்காண்டு கீழே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டுப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “ரெண்டு வருசத்துக்கு ஒரு படி கட்றோம் அங்கிள்” என்றாள். “வீடுதான் வளருதுன்னு நெனச்சுக்கிறோம் லா.” நான் சிறுவனாக நின்ற தரை இன்று அந்த வீட்டு வாசலுக்கு மேலே, என் தலையைவிட உயரத்தில், வெறும் காற்றில் இருந்திருக்கும். வடிந்தது கொஞ்சம், இற்றது கொஞ்சம், எரிந்தது கொஞ்சமாக அந்த நிலம் போய்விட்டது. நான் தீ வைத்த இடமென்று சுட்டிக்காட்ட ஒரு பிடி மண்கூட அங்கே இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. அங்கிருந்து நேராகக் கிள்ளானுக்குப் போனேன்.

லெட்சுமி அக்கா தொண்ணூறை நெருங்குகிறார். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், கதவோரம் உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்து நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்த நெருப்ப மாரியண்ணன் வக்கல. நான் வச்சேன்” என்றேன்.

அவர் கிள்ளுவதை நிறுத்தவில்லை. நாலைந்து நெத்திலி ஆனபின் கேட்டார்.

“எதுக்கு வச்ச?”

“ஊபி சுட.”

“வெந்துச்சா?”

“ஒரு பக்கம் கருகிப்போச்சு.”

தலையை ஆட்டிக்கொண்டார், அதுதான் முக்கியமான செய்தி என்பதுபோல. பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

“எனக்குச் சொரம் வந்து கெடந்தாக்கூட அவரு அடுப்பப் பத்த வக்கமாட்டாரு, தெரியுமா? ரொட்டியப் பச்சத் தண்ணியில முக்கித் தின்னுட்டுக் கெடப்பாரு.”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா?”

 வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னய எதுவும் கேக்காத” என்றார் அவர். “ஒன்ன மன்னிக்கவோ வையவோ எனக்குத் தெம்பில்ல. எம் மவன் அப்பன ஒரு வார்த்த பேசாம அனுப்பி வச்சான். அவங்கிட்ட சொல்லு. இப்பவே சொல்லு.”

தம்முடைய கைப்பேசியை எடுத்து, கண்ணுக்கு வெகு அருகில் பிடித்து, அவரே அழைத்து என் கையில் கொடுத்தார். சரவணன் “என்னம்மா” என்றான். பின்னணியில் டயர் கழற்றும் இயந்திரத்தின் இரைச்சல். நான் யார் என்பதைச் சொன்னேன். பிறகு கிழங்கையும், மண்ணள்ளிப் போட்டதையும், பாம்பு என்று சொன்னதையும், அப்பாவின் சட்டைப் பையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் அவன் யாரிடமோ இயந்திரத்தை நிறுத்தச் சொன்னான், அது நின்றது.

  அவனுக்கும் இப்போது பேரப்பிள்ளைகள் உண்டு. குரல் கிழவனின் குரல்.

“எங்கப்பாவுக்கு இது தெரியுமாண்ணே?” என்று கேட்டான்.

தெரியாது என்றேன்.

அவன் அதையே இன்னொரு முறை கேட்டான்.